வயிற்றுக்குள் ஒரு கிளை அலுவலகம்

கிளையில் நடைபெறும் ஒவ்வொரு வரவு செலவுக்கும் தலைமை அலுவலகத்தின் ஒப்புதலை நாம் எதிர்பார்ப்பதில்லை. கிளைக்கென்று அதிகாரம் உண்டு; அதற்கு வரம்பும் உண்டு. நம் வயிற்றின் செயல்பாடும் ஏறக்குறைய இவ்வாறே அமைந்துள்ளது.

செரிமான நீர்கள் நரம்புகளின் ஆணைப்படியே சுரக்கின்றன என்று ஒரு காலத்தில் அறிஞர்கள் கருதினர். 1902இல் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பெய்லிஸ், ஸ்டார்லிங் ஆகிய இருவரும் ஒரு நாயின் சிறுகுடற்பகுதிக்குச் செல்லும் நரம்புகளைத் துண்டித்துவிட்டு, அங்கு அமிலத்தைச் செலுத்தினர். அப்போதும் கணையம் நீரைச் சுரந்தது. குடற்சுவரில் தோன்றிய ஒரு வேதிப்பொருள் இரத்தத்தின் வழியே கணையத்துக்குச் செய்தி கொண்டு சென்றிருந்தது. அதற்குச் செக்ரிடின் என்று பெயரிட்டனர். இத்தகைய பொருள்களைக் குறிக்க, ஹார்மோன் என்னும் சொல்லை ஸ்டார்லிங் 1905இல் பயன்படுத்தினார்.

எல்லாச் செய்திகளும் இரத்தத்தில் பயணம் செய்வதில்லை. சில, அடுத்த மேசைக்குக் கைமாறும் சீட்டைப் போன்றவை. இரைப்பையில் உணவு சேர்ந்ததும் காஸ்ட்ரின் என்னும் ஹார்மோன் சுரக்கிறது. அதன் தூண்டுதலால் இரைப்பைச் சுவரின் சில செல்கள் ஹிஸ்டமினை வெளியிடுகின்றன. அது பக்கத்துச் செல்களை அடைந்து அமிலத்தைச் சுரக்கச் செய்கிறது. அமிலம் மிகுந்ததும் சொமட்டோஸ்டாட்டின் என்னும் பொருள் அருகிலேயே சுரந்து, காஸ்ட்ரினையும் அமிலத்தையும் குறைக்கிறது. ஒருவர் பதிய, மற்றவர் சரிபார்க்கும் நம் நடைமுறையை இது ஒத்திருக்கிறது.

இந்த ஹிஸ்டமின் செய்தியைத் தடுக்கும் மருந்தை உருவாக்கிய ஜேம்ஸ் பிளாக், 1988இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். பின்னர் வந்த ஒமெப்ரசோல், அமிலம் சுரக்கும் இறுதிக் கட்டத்தையே அடைத்துவிடுகிறது. வயிற்றுப்புண் நோயாளிகளுக்கு இவை பெரும் வரமாயின.

ஆயினும் ஆண்டிறுதிக் கணக்கு முடிக்கும் நாட்களில் நம்மில் பலருடைய மேசை இழுப்பறையில் இம்மாத்திரை இருப்பதைக் காண்கிறோம். மருத்துவரைக் கேளாமல் மாதக்கணக்கில் உட்கொள்ளும்போது அமிலம் குறைகிறது. அதனால் சொமட்டோஸ்டாட்டினின் கட்டுப்பாடு தளர்ந்து காஸ்ட்ரின் பெருகுகிறது. திடீரென நிறுத்தினால் அமிலம் முன்னிலும் மிகுந்து சுரக்கக்கூடும். நோய் திரும்பிவிட்டதென்று எண்ணி மீண்டும் மாத்திரையை நாடுகிறோம்.

எனவே, இம்மாத்திரையைத் தொடங்குவதும் நிறுத்துவதும் மருத்துவரின் ஆலோசனைப்படியே அமையட்டும். மலம் கறுத்தல், இரத்த வாந்தி, விழுங்குவதில் சிரமம், காரணமின்றி எடை குறைதல் ஆகியவை தோன்றினால் மாத்திரையால் நாளைக் கடத்தாமல் உடனே மருத்துவமனைக்குச் செல்வதே அறிவுடைமை.