நான்கு தந்திகளுக்குக் கீழே இரண்டு கிலோமீட்டர்

பிரிசிஷன் பேஸ் என்னும், தாழ்ந்த சுரங்களுக்கான மின் கிதாரில், நான்கு தந்திகளுக்கு அடியில் கறுப்பு பிளாஸ்டிக் மூடி போட்ட இரண்டு சிறு பெட்டிகள் முன்பின்னாக உட்கார்ந்திருக்கும். இரண்டையும் சேர்த்து உள்ளங்கையில் வைத்துக்கொள்ளலாம். உள்ளே சுற்றியிருக்கும் செம்புக் கம்பியைப் பிரித்து நீட்டினால் ஏறக்குறைய 2 கிலோமீட்டர் வரும். கம்பியின் தடிமன் 0.063 மில்லிமீட்டர், ஒரு தலைமுடி அளவுதான். பெட்டிக்குச் சுமார் 10,000 சுற்று. தந்தியின் அசைவை மின்சாரமாக மாற்றும் இந்த உறுப்புக்குப் பிக்கப் என்று பெயர்.

கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்டன் நகரில் இருந்த லியோ ஃபெண்டரின் தொழிற்சாலை 1957இல் இதற்கு இந்த வடிவத்தைக் கொடுத்தது. இன்றும் அதே அளவில், அதே திருகுத் துளைகளில் பொருந்தும்படி பல பட்டறைகள் மாற்றுப் பிக்கப்புகளைச் செய்கின்றன: சேமூர் டங்கன், டிமார்ஸியோ, லிண்டி ஃப்ராலின், ஃபெண்டர் நிறுவனமேகூட. ஒவ்வொன்றும் ஐம்பதுகளின், அறுபதுகளின் பழைய நாதத்தைத் தருவதாகச் சொல்லித்தான் விற்கிறது. வாங்கி மாட்டிப் பார்ப்பவர்கள் ஒன்றுக்கொன்று வித்தியாசம் இருக்கிறது என்கிறார்கள். உள்ளே இருப்பதோ காந்தமும் செம்பும் மட்டும். அப்படியானால் அந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது?

பிக்கப் ஒலியைக் கேட்பதில்லை என்பதிலிருந்து தொடங்கலாம். அதன் முன்னால் எவ்வளவு உரக்கப் பாடினாலும் நன்றாகச் செய்த பிக்கப் அசையாது. ஒவ்வொரு தந்திக்கும் கீழே இரண்டு உருளைக் காந்தங்கள் நிற்கின்றன. அவற்றின் அருகில் இருப்பதால் எஃகுத் தந்தியும் ஒரு சிறு காந்தமாகிவிடுகிறது. தந்தி துடித்தால் காந்தப்புலம் துடிக்கும். புலம் துடித்தால் சுருளில் மின்னழுத்தம் பிறக்கும். 1831இல் மைக்கேல் ஃபாரடே கண்டுபிடித்த மின்காந்தத் தூண்டல் இதுதான். எஃகுக்குப் பதில் நைலான் தந்தி மாட்டினால் ஆம்ப்ளிஃபயரில் எதுவுமே வராது.

1951இல் வந்த முதல் பிரிசிஷன் பேஸில் ஒரே சுருள்தான் இருந்தது. அது தந்தியோடு சேர்த்து அறையில் உள்ள மின்சாரத்தின் இரைச்சலையும் வாங்கிக்கொண்டது. அமெரிக்க மின்சாரம் நொடிக்கு 60 தடவை துடிப்பது, அதாவது 60 ஹெர்ட்ஸ். பேஸின் 'ஏ' தந்தி 55 ஹெர்ட்ஸ். அதே தந்தியை, கழுத்தில் குறுக்கே பதித்த உலோகப் பட்டைகளில் (ஃப்ரெட்டுகளில்) இரண்டாவதில் அழுத்தினால் 61.7. இரைச்சல் இந்த இரண்டு சுரங்களுக்கு இடையில் வந்து விழுகிறது. சாதாரண கிதாரில் அது ஓரத்து முணுமுணுப்பு. பேஸிலோ நடு வீட்டுக்குள் நுழைந்த தொல்லை. 1957இல் சுருளை இரண்டாக வெட்டியது இதற்காகத்தான். தடித்த இரண்டு தந்திகளுக்கு ஒரு பெட்டி, மெல்லிய இரண்டுக்கு மற்றொன்று. ஒன்றின் சுற்று மற்றதற்கு எதிர்த்திசை. இரைச்சல் இரண்டிலும் சம அளவில் நுழைந்து எதிரெதிராக நின்று அழிந்துவிடும். ஒவ்வொரு தந்தியும் ஒரு பெட்டிக்கு மேல் மட்டும் ஓடுவதால் அதன் ஒலி அழியாது. காந்தங்களையும் ஒரு பெட்டியில் தலைகீழாக்கியிருக்கிறார்கள். பக்கத்துப் பெட்டிக்குள் கசியும் கொஞ்ச ஒலியும் அதனால் கழிவதற்குப் பதில் கூடுகிறது.

அடுத்தது இடம். தந்தி ஒரே அதிர்வெண்ணில் மட்டும் துடிப்பதில்லை. அடிப்படை அதிர்வெண்ணின் இரு மடங்கு, மூன்று மடங்கு, நான்கு மடங்கு என்று கூடவே பல அதிர்வுகள் எழுகின்றன. இவற்றுக்குச் சீரிசைகள் என்று பெயர். ஒவ்வொரு சீரிசைக்கும் தந்தியில் அசையாத புள்ளிகள் உண்டு, அவை கணுக்கள். தந்திகள் உடல் பக்கம் ஊன்றியிருக்கும் பாலத்திலிருந்து தந்தி நீளத்தில் ஐந்தில் ஒரு பங்கு தள்ளி பிக்கப்பை வைத்தால், ஐந்தாவது, பத்தாவது சீரிசைகள் அதற்குத் தெரியவே தெரியாது. இடது கை ஃப்ரெட் மாறும்போது தந்தியின் நீளம் மாறும். காணாமல் போகும் சீரிசையும் மாறும். பாலத்தை நெருங்கினால் மேல் சீரிசைகள் ஓங்கும், கழுத்துப் பக்கம் போனால் அடித்தொனி ஓங்கும். பேஸ் கலைஞர் ஜாக்கோ பாஸ்டோரியஸ், ஃபெண்டரின் இன்னொரு வகையான ஜாஸ் பேஸில், ஃப்ரெட்டுகள் நீக்கிய 1962ஆம் ஆண்டுக் கருவி ஒன்றில், பாலத்துப் பக்கப் பிக்கப்பைப் பெரிதும் நம்பி வாசித்தார். மூக்கால் பாடுவது போன்ற அந்தத் தொனியில் பெரும்பங்கு அந்த இடத்துக்கு உரியது.

1960இல் வந்த ஜாஸ் பேஸில் இரண்டு பிக்கப்புகள். இரண்டையும் முழுக்கத் திறந்தால் சில சீரிசைகள் ஒன்றில் மேலேறும்போது மற்றதில் கீழிறங்கி ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. நடுப்பகுதி குழிந்த ஒலி கிடைக்கிறது. 1970களில் அந்தப் பின் பிக்கப்பைச் சுமார் 1 சென்டிமீட்டர் பாலத்தை நோக்கி நகர்த்தினார்கள். எழுபதுகளின் ஜாஸ் பேஸ் ஒலி என்று பெயர் எடுத்ததில் இந்த நகர்வுக்கும் பங்கு உண்டு. மாற்றுப் பிக்கப் வாங்குபவர் இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. இடம் மரத்தில் வெட்டிய பள்ளத்தால் தீர்மானமாகிவிட்டது. எந்தப் பெட்டியை வாங்கினாலும் அதே பள்ளத்தில்தான் உட்காரும். கருவியின் குணத்தில் பெரும்பகுதி, புதுப் பிக்கப் வந்து சேருவதற்கு முன்பே முடிவாகிவிடுகிறது.

மீதி இருக்கும் பகுதியில்தான் எனக்கு மிகவும் பிடித்த நுட்பம் இருக்கிறது. ஒரு சுருளுக்கு மின்தூண்டல் திறன் என்று ஒரு குணம் உண்டு: மின்னோட்டம் சட்டென்று மாறுவதை எதிர்க்கும் பிடிவாதம். அதன் அலகு ஹென்றி. கிதாரிலிருந்து ஆம்ப்ளிஃபயருக்குப் போகும் கேபிளுக்கோ மின்தேக்குத் திறன் உண்டு, அதாவது கொஞ்சம் மின்னூட்டத்தைச் சேர்த்துவைக்கும் குணம். அதை அளக்கும் சிறிய அலகு பிக்கோஃபாரட். இந்த இரண்டும் சேர்ந்தால் ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணில் ஒன்றுக்கொன்று ஒத்துழைத்து அதை மட்டும் தூக்கிக் காட்டும், இதுதான் ஒத்ததிர்வு. அதற்கு மேலே இருக்கும் அதிர்வெண்கள் வேகமாகத் தேய்ந்துவிடும். ஒரு பிக்கப் பளீரென்று பேசுகிறதா, கனமாகப் பேசுகிறதா என்பது இந்த ஒத்ததிர்வின் உச்சி எங்கே இருக்கிறது, எவ்வளவு கூர்மையாக இருக்கிறது என்பதைப் பொறுத்தது.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பிக்கப் 6 ஹென்றி, 5 மீட்டர் கேபிள் 500 பிக்கோஃபாரட், சுருளுக்கே உரியது இன்னொரு 100 என்று வைத்துக்கொள்வோம். உச்சி சுமார் 2,650 ஹெர்ட்ஸில் வரும். மனிதக் காது கூர்மையாகக் கேட்கும் பகுதி அது. கேபிளை 3 மீட்டராகக் குறைத்தால் உச்சி 3,250க்கு ஏறிவிடும். கடையில் குட்டைக் கேபிளில் கேட்ட பிக்கப்பை மேடையில் நீளக் கேபிளில் மாட்டினால், மின்னியல் கணக்குப்படி அது வேறு பிக்கப்.

இன்னொரு வியப்பு: பேஸின் தடித்த 'ஈ' தந்தியின் அடிப்படை அதிர்வெண் 41.2 ஹெர்ட்ஸ். 2,650 என்பது கிட்டத்தட்ட அதன் 64ஆவது சீரிசை. தரையை அதிரவைக்கும் அந்த அடித்தொனியில் ஒரு மாற்றுப் பிக்கப்புக்கும் இன்னொன்றுக்கும் பெரிய வேறுபாடு இருக்காது. விரல் நுனி தந்தியை விட்டு வழுகும் கணம், தந்தி ஃப்ரெட்டில் மோதும் 'கிளிக்', சுரம் பிறக்கும் முதல் நொடித்துளி — வேறுபாடு கேட்பது அங்கேதான்.

பலம் கூட்டிய, 'ஹாட்' என்று விற்கும் வகைகளோடு ஒப்பிட்டால் பழைய பாணிப் பிக்கப்பின் ரகசியமும் இங்கேயே புலப்படுகிறது. சுற்றுகளை 10 சதவீதம் கூட்டினால் மின்னழுத்தமும் 10 சதவீதம் கூடும். காதுக்கு அது ஒரு டெசிபலுக்கும் குறைவு, கண்டுபிடிப்பதே சிரமம். மின்தூண்டல் திறனோ சுற்றுகளின் வர்க்கத்தில் வளர்வது. அது 21 சதவீதம் ஏறி, உச்சியை 2,650இலிருந்து 2,410க்கு இறக்கிவிடும். கூடுதல் கம்பி கொஞ்சம் சத்தத்தைத் தந்து நிறைய வெளிச்சத்தை எடுத்துக்கொள்கிறது. பழைய பாணி என்று நாம் ரசிக்கும் திறந்த ஒலி பெரும்பாலும் அளவோடு நிறுத்திய சுற்றுகளின் ஒலி.

ஆனால் கடைகளில் பிக்கப்பின் அட்டைப் பெட்டியில் அச்சாகியிருப்பது மின்தூண்டல் திறன் அல்ல, மின்தடை. பிரிசிஷன் பேஸ் பிக்கப்புக்கு 10, 11 கிலோ ஓம் என்று போட்டிருப்பார்கள். வாங்குபவர்களும் 10.3ஆ 10.8ஆ என்று பார்த்துத்தான் முடிவெடுக்கிறார்கள். இந்த எண்ணை நான் நம்ப மாட்டேன். செம்பின் மின்தடை ஒரு டிகிரி செல்சியஸுக்கு 0.39 சதவீதம் ஏறும். 20 டிகிரியில் 10.5 கிலோ ஓம் காட்டும் அதே பிக்கப் 30 டிகிரி அறையில் 10.9 காட்டும். கம்பியின் தடிமன் 4 சதவீதம் மெலிந்தால், சுற்று எண்ணிக்கை மாறாமலே மின்தடை 8 சதவீதம் கூடும். நாதமோ ஏறக்குறைய அப்படியே இருக்கும். ஒரு பெரிய வித்தியாசத்தைக் காட்டுவதுபோல் தோன்றும் எண், உண்மையில் அறையின் வெப்பத்தையும் கம்பி ஆலையின் அன்றைய அச்சையும்தான் காட்டுகிறது.

கம்பியின் மேல்பூச்சைப் பற்றியும் விற்பனையாளர்கள் நிறையப் பேசுவார்கள். ஐம்பதுகளிலும் அறுபதுகளின் தொடக்கத்திலும் ஃபெண்டர் பயன்படுத்திய ஃபார்ம்வார் என்ற பூச்சு, எளிய எனாமலைவிடத் தடித்தது. சுற்றுகள் சற்று விலகி உட்காருவதால் சுருளின் மின்தேக்குத் திறன் குறைகிறது. கையால் சுற்றும்போதும் அதே விளைவு. அன்று கம்பி சுற்றும் சட்டமான பாபினை இயந்திரம் சுழற்ற, கம்பியை விரல்களே வழிநடத்தின. அடுக்குகள் ஒழுங்காகப் படியாமல் குறுக்கும் நெடுக்குமாக விழுந்தன. 1956இல் ஃபெண்டரில் சேர்ந்த அபிகேல் இபாரா 2013 வரை அங்கே பிக்கப் சுற்றினார்; அவர் சுற்றியவற்றுக்காக இசைக்காரர்கள் காத்திருந்து வாங்கினார்கள். அவரிடம் கற்ற ஜோசஃபீனா காம்போஸ் அந்த வேலையைத் தொடர்ந்தார். இன்று சில பட்டறைகள் கணினி ஓட்டும் சுற்று இயந்திரத்துக்கு அந்த ஒழுங்கின்மையை வேண்டுமென்றே கற்றுக்கொடுக்கின்றன. அழகான முயற்சி. ஆனாலும் பூச்சாலும் கைச்சுற்றாலும் மாறும் மின்தேக்குத் திறன் சில பத்து பிக்கோஃபாரட்கள்தான். கேபிளில் அரை மீட்டர் வெட்டினால் கிட்டத்தட்ட அதே பலன் கிடைக்கும். கைச்சுற்றின் பெரிய விளைவு வேறிடத்தில் இருக்கிறது. எண்ணிக்கையும் இழுவையும் ஆளுக்கு ஆள் மாறியதால், 1962ஆம் ஆண்டுப் பிக்கப்புகள் இரண்டு ஒன்றுபோல் இருந்ததில்லை. இன்று ஒரு பட்டறை 'அறுபத்திரண்டு' என்று விற்பது, தன் கையில் கிடைத்த ஏதோ ஒரு அறுபத்திரண்டின் நகல்.

காந்தங்கள் அல்னிகோ என்னும் உலோகக் கலவை: அலுமினியம், நிக்கல், கோபால்ட், இரும்பு. இந்தக் குடும்பத்துக்கு வழி திறந்தவர் ஜப்பானின் டோக்குஷிச்சி மிஷிமா; இரும்பு, நிக்கல், அலுமினியக் கலவை வலுவான நிலைக்காந்தமாகும் என்று 1931இல் கண்டார். ஃபெண்டர் பயன்படுத்தியது அல்னிகோ 5. அது வலுவானது. தந்திக்கு மிக அருகில் வைத்தால் தந்தியையே இழுத்து, சுருதியைத் தள்ளாட வைக்கும். பழைய காந்தம் வலுவிழந்திருக்கும் என்ற கணக்கில் சில பட்டறைகள் புதுக் காந்தத்தின் வலுவை அளந்து குறைத்து விற்கின்றன. கொஞ்சம் வலுக் குறைவை நீங்களே திருகாணியால் உண்டாக்கலாம்: பிக்கப்பை ஓரிரு மில்லிமீட்டர் கீழிறக்கினால் போதும்.

இத்தனையையும் தந்தி ஒன்றே புரட்டிப் போட்டுவிடும். டெட்ராய்ட்டின் மோட்டவுன் இசைக்கூடத்தில் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன், 1962ஆம் ஆண்டு பிரிசிஷன் பேஸில் தட்டைச் சுற்றுத் தந்திகளை (தட்டையான உலோகப் பட்டை சுற்றியவை) மாட்டி, அவற்றை அரிதாகவே மாற்றினார். பாலத்து மூடிக்கு அடியில் நுரைப்பஞ்சு வேறு. மேல் சீரிசைகள் பிக்கப்பை எட்டுவதற்கு முன்பே தந்தியிலேயே அடங்கிவிட்டன. அந்த நாதத்தைத் தேடுபவர் பிக்கப்புக்குச் செலவழிக்கும் முன் தட்டைச் சுற்றுத் தந்தி ஒரு செட் வாங்கிப் பார்க்கட்டும்.

இரண்டு பிக்கப்புகளை நேர்மையாக ஒப்பிட வேண்டுமானால் கிதார், தந்தி, கேபிள், தந்திக்கும் காந்தத்துக்கும் இடையிலான தூரம் ஆகிய நான்கும் மாறக் கூடாது. சத்தத்தையும் சமன் செய்தாக வேண்டும். சற்று உரத்ததைக் காது தானாகவே 'நல்லது' என்று எடுத்துக்கொள்ளும். மேல் அதிர்வெண்களைக் குறைக்கும் டோன் குமிழை முழுக்கத் திறந்து வைக்க வேண்டும். அந்தக் குமிழுக்குப் பின்னால் இருக்கும் மின்தேக்கி, பழைய பாணியில், 50,000 பிக்கோஃபாரட். குமிழை முழுக்க இறக்கினால் அது மொத்தமாக மின்சுற்றுக்குள் வந்து, நம் 6 ஹென்றிப் பிக்கப்பின் உச்சியை 300 ஹெர்ட்ஸை ஒட்டிக் கொண்டுபோய் வைத்துவிடும். கேபிளின் நீளம், ஃபார்ம்வார், கைச்சுற்று தந்த சில பத்து பிக்கோஃபாரட் எதற்கும் அங்கே செல்வாக்கு இல்லை. டோன் குமிழை எப்போதும் இறக்கியே வைத்து வாசிப்பவர் கிதாரோடு வந்த பிக்கப்பையே தாராளமாக வைத்துக்கொள்ளலாம்.