உங்களுக்குத் தெரியுமா? நகச்சுத்தி போல வரும் நுரையீரல் புற்று

விரல் நுனி வீங்கிச் சிவந்து விண்விண் என்று தெறிக்கிறது. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லேத் ஓட்டுகிற ஒருவருக்கு இப்படி வந்தால் நகச்சுத்தி என்போம். எலுமிச்சம்பழத்தைத் துளைத்து விரலில் செருகச் சொல்வோம். பெரும்பாலும் அது நகச்சுத்தியேதான். மிக அரிதாக, நுரையீரலில் பிறந்த புற்று விரலின் கடைசி எலும்பில் வந்து குடியேறியிருக்கும். பரவும் புற்றுகளில் கை, கால் முனைகளுக்கு வருபவை ஆயிரத்தில் ஒன்று என்ற அளவுதான். ஆனால் கைவிரலுக்கு வருபவற்றில் நுரையீரல் புற்றுக்கே முதலிடம். மாத்திரை சாப்பிட்டும் கீறிவிட்டும் ஆறாத விரலை ஒரு எக்ஸ்ரே எடுத்தால், எலும்பு அரித்துப் போயிருப்பது தெரிந்துவிடும்.

நெஞ்சில் இருக்கும் நோய் விரலுக்கு எப்படி வருகிறது? மற்ற பல உறுப்புகளிலிருந்து கிளம்பும் புற்று செல்கள் சிரை ரத்தத்தோடு இதயத்தின் வலப்பக்கம் வந்து, நுரையீரலின் மெல்லிய தந்துகிகளில் முதலில் சிக்கிக்கொள்ளும். நுரையீரலிலேயே பிறந்த செல்லுக்கு அந்தத் தடை கிடையாது. நேரே இதயத்தின் இடப்பக்கம் போய், அங்கிருந்து தமனி வழியாக உச்சந்தலை முதல் உள்ளங்கால் வரை அதற்கு வழி திறந்திருக்கிறது.

வழி இருந்தாலும் எல்லா இடத்திலும் அது முளைப்பதில்லை. மார்பகப் புற்றால் இறந்த 735 பேரின் பதிவுகளை ஆராய்ந்த ஆங்கிலேய அறுவை மருத்துவர் ஸ்டீபன் பேஜட், 1889-லேயே இதை விதை, மண் என்று விளக்கினார். நுரையீரல் புற்றுக்கு வாகான மண் மூளை, எலும்பு, கல்லீரல், அட்ரினல் சுரப்பி. அரிதாகக் கண்ணின் உட்படலம், ஈறு, உச்சந்தலைத் தோல், சிறுகுடல். ஒரு கண்ணில் திடீரென்று பார்வை மங்கி கண் மருத்துவரிடம் போய், அங்கேதான் நுரையீரல் நோயே முதன்முதலாகத் தெரியவந்தவர்களும் உண்டு.

தோள்பட்டை வலியைத் தனியாகச் சொல்ல வேண்டும். நுரையீரலின் உச்சியில் வளரும் கட்டி, பக்கத்தில் கைக்குப் போகும் நரம்புகளைப் பிடித்துக்கொள்ளும். அமெரிக்கக் கதிரியக்க மருத்துவர் ஹென்றி பான்கோஸ்ட் விவரித்ததால் அவர் பெயராலேயே வழங்கும் கட்டி இது. இருமல் இல்லாமலே கூட வரும். வலி தோளில் தொடங்கி, கையின் உட்பக்கமாகச் சுண்டுவிரல் வரை இறங்கும். கழுத்து எலும்புத் தேய்மானம் என்று மாதக்கணக்கில் பிசியோதெரபிக்கு நடந்தவர்கள் ஏராளம். சிலருக்கு அதே பக்கத்துக் கண்ணிமை தொங்கும், கண்மணி சுருங்கும், முகத்தில் அந்தப் பாதி மட்டும் வேர்க்காது. சித்திரை வெயிலில் ஆவடி ரயில் நெரிசலில் நிற்பவரின் முகத்தில் ஒரு பக்கம் வேர்த்துக் கொட்ட, மறுபக்கம் காய்ந்து கிடந்தால், அது அவசியம் மருத்துவரிடம் சொல்ல வேண்டிய விஷயம்.

குரல் கம்மி மூன்று வாரமாகியும் தெளியவில்லையா? இடப்பக்கக் குரல்நாணுக்குப் போகும் நரம்பு நெஞ்சுக்குள் இறங்கித்தான் மேலே ஏறுகிறது. அங்கே கட்டி அழுத்தினாலும் குரல் போகும்.

இரண்டு கை ஆள்காட்டி விரல் நகங்களையும் முதுகோடு முதுகாக ஒட்டிப் பாருங்கள். நடுவில் சாய்சதுரமாகச் சின்ன இடைவெளி தெரிய வேண்டும். அது மறைந்து விரல் நுனி உருண்டிருந்தால் நுரையீரலையோ இதயத்தையோ பரிசோதிக்க வேண்டும். புற்று விரலுக்குப் பரவாமலே இந்த மாற்றம் வரலாம்.

அம்பத்தூர், ஆவடி சூழ்ந்த நம் பகுதிக்கென்று ஒரு சிக்கல் உண்டு: டி.பி. 1968-ல் தொடங்கிய புகழ்பெற்ற பி.சி.ஜி. தடுப்பூசி ஆய்வு, இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை வைத்து இதே திருவள்ளூர் வட்டாரத்தில்தான் நடந்தது. டி.பி. இங்கே அத்தனை பழைய குடி. அதனால் எக்ஸ்ரேயில் இரண்டு நுரையீரலிலும் பொடிப்பொடியாகப் புள்ளிகள் தெரிந்தால் முதலில் டி.பி.யைத்தான் நினைப்பார்கள், நினைக்கவும் வேண்டும். ஆனால் நுரையீரல் புற்றும் அச்சு அசலாக அப்படியே பரவும். இ.ஜி.எஃப்.ஆர். என்ற மரபணுவில் மாற்றம் உள்ளவர்களிடம், அதிலும் புகைபிடிக்காத பெண்களிடம்கூட, இது காணப்படுகிறது. சளியில் கிருமி தெரியாமலே டி.பி. மருந்து தொடங்கி, ஓரிரு மாதத்தில் குணம் தெரியவில்லை என்றால் பயாப்ஸி பற்றிக் கேளுங்கள். அந்த மரபணு மாற்றம் உறுதியானால், பரவிய பிறகும் தினசரி மாத்திரையால் நோயைக் கட்டுக்குள் வைக்க முடிகிறது. அதனாலேயே, டி.பி. என்று எண்ணிக் காத்திருக்கும் தாமதம் என்னை உறுத்துகிறது.

நம் பகுதிப் பட்டறைகளிலும் ஆபத்து உண்டு. ஃபவுண்டரியில் அச்சை உடைத்து வார்ப்பை எடுக்கும்போது கிளம்பும் மணல் தூசியில் சிலிகா இருக்கிறது. அது புற்றை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1997-ல் உறுதிசெய்தது; டீசல் புகையை 2012-ல் அதே பட்டியலில் சேர்த்தது. குரோமியம் பிளேட்டிங் பட்டறைப் புகையும் அதில் உண்டு. பீடி, சிகரெட்டும் சேர்ந்தால் ஆபத்து இன்னும் ஏறும்.

ஆகவே விரல் வலியோ தோள் வலியோ, எதற்காக மருத்துவரைப் பார்த்தாலும் எத்தனை வருடம் எந்தப் பட்டறையில் வேலை, பீடி, சிகரெட் பழக்கம் உண்டா என்பதை அவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் சளிப் பரிசோதனையும் நெஞ்சு எக்ஸ்ரேயும் அரசு மருத்துவமனையிலேயே எடுக்கலாம். புற்றுநோய்ச் சிகிச்சைக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமும் இருக்கிறது.