சிரிப்புக்கு மதிப்பெண் இடுவது யார்?



மாலை வேளையில் வீடு சந்திக்கச் செல்லும்போது நாம் அடிக்கடி காணும் காட்சி ஒன்று உண்டு. தாமிரபரணிக் கரை ஊர்களில் தாய்மார்கள் பீடித் தட்டை மடியில் வைத்து இலை சுருட்டிக்கொண்டிருப்பார்கள். எதிரே தொலைக்காட்சி ஓடும். கை வேலையில் இருக்கும். காது தொடரில் இருக்கும். முக்கூடல் பக்கம் அப்படி ஒரு வீட்டில் பேச்சுவாக்கில் கேட்டோம்: "நீங்க மனசுவிட்டுச் சிரிச்ச குடும்பத் தொடர் ஏதாவது ஞாபகம் இருக்காம்மா?" அந்த அம்மா சற்று யோசித்துவிட்டு, "புருசனுக்கும் பொண்டாட்டிக்கும் ஒரே பேரு இருக்குமே சாமி, அது" என்றார்.

அவர் குறிப்பிட்டது 'ரமணி வெர்சஸ் ரமணி'. கே. பாலசந்தரின் மின்பிம்பங்கள் நிறுவனம் தயாரித்து, நாகா இயக்கிய நகைச்சுவைத் தொடர். இதன் முதல் சீசன் 1998-இல் ராஜ் தொலைக்காட்சியில் வந்தது. பிருத்விராஜும் வாசுகியும் ரமணி என்ற ஒரே பெயர் கொண்ட கணவன் மனைவியாக நடித்தார்கள். அதற்கு முன் 'மர்மதேசம்' தொடரால் வீடுகளை அச்சத்தில் ஆழ்த்திய அதே நாகாதான் இங்கே சிரிக்க வைத்தார்.

இந்தத் தொடரைப் பலரும் விரும்பியதற்குக் காரணம் என்ன? சூழ்ச்சியையும் பழிவாங்கலையும் நம்பி அது கதை சொல்லவில்லை. நடுத்தர வீட்டில் அன்றாடம் நடக்கும் சின்னச் சின்னப் பிணக்குகளே அதற்குப் போதுமானவையாக இருந்தன. இரண்டாம் சீசன் ராம், தேவதர்ஷினி நடிப்பில் வந்தது. மூன்றாவது 2022-இல் ஆஹா இணையத் தளத்தில் வெளியானது. முதல் சீசனைப் பார்த்தவர்கள் அதை மறந்திருந்தால், 24 ஆண்டுகள் கழித்து அதே பெயரில் ஒரு தொடரை எடுக்க யார் முன்வருவார்கள்?

அப்படியானால் இத்தகைய தொடர்கள் ஏன் பெருகவில்லை? 1999 டிசம்பரில் 'சித்தி' தொடங்கியது. அதன் வெற்றிக்குப் பின் தினமும் வரும் நெடுந்தொடர்களின் காலம் வந்தது. நெடுந்தொடர் கண்ணீரோடு முடிந்து, நாளைக்கும் வா என்று அழைக்கின்றது. நகைச்சுவைத் தொடரோ பெரும்பாலும் அன்றைய சிக்கலை அன்றே தீர்த்து, நிம்மதியாகத் தூங்கு என்று அனுப்பிவிடுகின்றது. விளம்பரதாரருக்கு எது வசதி என்று சொல்ல வேண்டியதில்லை.

டி.ஆர்.பி. என்னும் கணக்கையும் நாம் புரிந்துகொள்ள வேண்டும். தேர்ந்தெடுத்த சில வீடுகளில் ஒரு கருவியைப் பொருத்தி, எந்த அலைவரிசை எவ்வளவு நேரம் பார்க்கப்பட்டது என்று குறித்துக்கொள்கின்றார்கள். பார்த்தவர் மகிழ்ந்தாரா, மனம் கசந்தாரா என்பது அந்தக் கருவிக்குத் தெரியாது. 2015-இல் பார்க் அமைப்பு வந்த பிறகுதான் கிராமத்து வீடுகள் முறையாக இக்கணக்கில் சேர்ந்தன. பீடித் தட்டோடு அமர்ந்திருந்த நம் தாய்மார்களின் சிரிப்பை 1998-இல் யாரும் எண்ணவில்லை.

இதற்கு இந்தியிலும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 2004-இல் ஸ்டார் ஒன் அலைவரிசையில் தொடங்கிய 'சாராபாய் வெர்சஸ் சாராபாய்' தொடருக்கு அப்போது போதிய டி.ஆர்.பி. கிடைக்கவில்லை. 2006-இல் அது முடிந்தது. ஆனால் மறுஒளிபரப்புகளில் மக்கள் அதைத் தேடித் தேடிப் பார்த்தார்கள். இன்று இந்தியாவின் சிறந்த நகைச்சுவைத் தொடர்களுள் ஒன்றாக அது போற்றப்படுகின்றது. 2017-இல் வந்த இரண்டாம் சீசனுக்கோ முதலாவதைப் போன்ற வரவேற்பு இல்லை. முதலில் கிடைக்கும் மதிப்பெண்ணே முடிவான மதிப்பெண் அல்ல என்பதற்கு இது நல்ல சான்று.

அதே தொடர் நமக்கு இன்னொரு கேள்வியையும் வைக்கின்றது. அதில் செல்வச் செருக்குள்ள மாமியார், எளிய பழக்கங்கள் கொண்ட மருமகளை ஓயாமல் குத்திப் பேசுவார். நாம் சிரிப்பது மாமியாரின் செருக்கைப் பார்த்தா, மருமகளின் எளிமையைப் பார்த்தா? எழுத்தாளர் நினைத்தது முதலாவதாக இருக்கலாம். கூடத்தில் உட்கார்ந்திருக்கும் பிள்ளை இரண்டாவதைக் கற்றுக்கொள்ளக்கூடும். நிறத்தையும் உடல் பருமனையும் கேலி செய்யும் நிகழ்ச்சிகளைப் பார்க்கும் வீடுகளில், அதே சொற்கள் மறுநாள் தங்கையின்மீது விழுவதை நாம் கேட்டதில்லையா?

1994-ஆம் ஆண்டின் உலகச் சமூகத் தொடர்பு நாளுக்குத் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் தேர்ந்த தலைப்பு தொலைக்காட்சியும் குடும்பமும் என்பதே. நிகழ்ச்சிகளைப் பற்றிப் பெற்றோர் பிள்ளைகளோடு கலந்து பேச வேண்டும், சில வேளை பெட்டியை அணைக்கவும் வேண்டும் என்றார் அவர். வீடே விமர்சகராக வேண்டும் என்பது இதன் பொருள்.

எனவே ஒரு தொடர் முடிந்ததும் மூன்று கேள்விகளைக் கேட்டுப் பார்ப்போம். யாரைப் பார்த்துச் சிரித்தோம்? அவர் நம்மோடு அமர்ந்திருந்தால் அவரும் சிரித்திருப்பாரா? சிரித்த பின் நாம் ஒருவரோடொருவர் பேசினோமா?

முக்கூடல் அம்மா, பீடிக்கு நூல் சுற்றிக்கொண்டே கடைசியாக ஒன்று சொன்னார்: "அவுக அதிகம் பேச மாட்டாக சாமி. அது ஓடுற அரை மணி நேரம் ரெண்டு பேரும் சேர்ந்து சிரிப்போம். இப்ப அவுக இல்ல. அந்தச் சிரிப்பு மட்டும் ஞாபகம் இருக்கு."

எந்தக் கருவியும் குறித்துக்கொள்ளாத மதிப்பெண் இது. இன்று இரவு நம் வீட்டிலும் கணவனும் மனைவியும் பிள்ளைகளும் ஒருமுறையாவது சேர்ந்து சிரிப்போம்.