தொலைபேசிவழி அறிவிப்புப் பலகை

பள்ளியிலும் நூலகத்திலும் சங்கக் கட்டடங்களிலும் அறிவிப்புப் பலகை இருத்தலை நாம் அனைவரும் கண்டிருக்கிறோம். ஒருவர் தாம் கூற விரும்புவதை ஒரு தாளில் எழுதி அப்பலகையில் ஒட்டிச் செல்வார். பின்னர் வருபவர் அதனைப் படிப்பார். வேண்டுமாயின் தம் மறுமொழியையும் எழுதி அருகிலேயே ஒட்டுவார். எழுதியவரும் படிப்பவரும் ஒரே நேரத்தில் அங்கே நிற்கவேண்டுவதில்லை. காலையில் வந்தவரின் சொல்லை மாலையில் வருபவரிடம் பலகை சேர்த்துவிடுகிறது. இத்தகைய பலகையைக் கணிப்பொறிக்குள் அமைத்துத் தொலைபேசிக் கம்பியின் வழியே வீட்டிலிருந்தவாறே படிக்கவும் எழுதவும் செய்தனர் அறிஞர் இருவர். அதன் வரலாற்றையும் அதில் செய்தி எழுதிய முறையையும் இப்பாடத்தில் காண்போம்.

வட அமெரிக்காவில் மிச்சிகன் ஏரியின் கரையில் அமைந்தது சிகாகோ நகரம். அந்நகரில் கணிப்பொறி ஆர்வலர்கள் கூடி ஒரு சங்கம் நடத்தி வந்தனர். கூட்டம் நடைபெறும் இடத்தில் ஒரு பலகை இருந்தது. உறுப்பினர்கள் தம் தேவைகளைச் சிறு அட்டைகளில் எழுதி அதில் குத்தி வைப்பர். 1978ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் அந்நகரைக் கடும் பனிப்புயல் தாக்கியது. தெருக்கள் பனியில் புதைந்தன. மக்கள் வீட்டைவிட்டு வெளியேற இயலவில்லை. அப்பொழுது சங்க உறுப்பினரான வார்டு கிறிஸ்டென்சன் என்பார், தம் நண்பர் ராண்டி சூஸ் என்பாருடன் தொலைபேசியில் உரையாடினார். சங்கத்துப் பலகையையே ஒரு கணிப்பொறியில் அமைத்தால் என்ன என்னும் எண்ணம் அவ்வுரையாடலில் உருப்பெற்றது. கிறிஸ்டென்சன் கணிப்பொறிக்குரிய கட்டளை நிரலை எழுதினார். சூஸ் கருவிகளை இணைத்தார். 1978 பிப்ரவரி 16ஆம் நாள் அப்பலகை பொதுமக்கள் பயன்பாட்டிற்கு வந்தது.

கணிப்பொறியை எங்கே வைப்பது என்பதிலும் அவர்கள் கருத்தூன்றினர். கிறிஸ்டென்சனின் இல்லம் புறநகரில் இருந்தது. சூஸின் இல்லமோ நகர எல்லைக்குள் இருந்தது. நகரத்தார் பலரும் மிகைக் கட்டணமின்றி அழைக்கத்தக்க இடம் அதுவே ஆதலின், சூஸின் இல்லத்திலேயே அதனை நிறுவினர். அதனை அமைத்த முறையையும் அவர்கள் மறைத்து வைக்கவில்லை. அவ்வாண்டு நவம்பரில் 'பைட்' என்னும் இதழில் விளக்கி எழுதினர். அதனைக் கற்ற பிறரும் தத்தம் ஊர்களில் பலகைகளை நிறுவலாயினர்.

தொலைபேசிக் கம்பி மனிதக் குரலை எடுத்துச் செல்வதற்கென அமைந்தது. கணிப்பொறியோ ஒன்று, சுழி என்னும் இரு குறிகளையே அறியும். இவ்விரண்டிற்கும் இடையே மொழிபெயர்ப்பாளராக நின்றது 'மோடம்' என்னும் கருவி. அது ஒவ்வொரு குறியையும் ஓர் இன்னொலியாக மாற்றியது. அந்நாளில் வழங்கிய முறையில், அழைப்பவரின் மோடம் சுழிக்கு நொடிக்கு 1070 அதிர்வுகளும், ஒன்றுக்கு 1270 அதிர்வுகளும் உள்ள ஒலிகளை எழுப்பும். விடையளிக்கும் மோடம் 2025, 2225 அதிர்வுகள் உள்ள ஒலிகளை எழுப்பும். தாழ்ந்த குரலில் ஒருவரும் உயர்ந்த குரலில் மற்றொருவரும் பாடினால் இரண்டையும் நாம் பிரித்தறிகிறோம் அல்லவா? அவ்வாறே ஒரே கம்பியில் இரு திசைச் செய்திகளும் ஒன்றோடொன்று கலவாமல் சென்றன.

அம்மோடங்கள் நொடிக்கு 300 குறிகளையே அனுப்பவல்லன. ஓர் எழுத்திற்குப் பத்துக் குறிகள் தேவைப்பட்டன. எனவே நொடிக்கு 30 எழுத்துகளே திரையில் தோன்றும். 1800 எழுத்துகள் கொண்ட ஒரு செய்தியைக் காண ஒரு நிமிடம் ஆகும். எழுத்துகள் ஒன்றன்பின் ஒன்றாகத் திரையில் ஊர்ந்து வருவதைப் படிப்பவர் பொறுமையுடன் நோக்கியிருப்பார். கம்பியில் இரைச்சல் புகுந்தால் எழுத்துகள் சிதைந்து பொருளற்ற குறிகளாக வருவதும் உண்டு. நீண்ட கோப்புகளைப் பிழையின்றி அனுப்புதற்குக் கிறிஸ்டென்சன் 1977ஆம் ஆண்டிலேயே 'எக்ஸ்மோடம்' என்னும் ஒரு முறையை வகுத்திருந்தார். கோப்பை 128 அலகுகள் கொண்ட கட்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டுடனும் அதன் கூட்டுத்தொகையையும் அனுப்புவது அம்முறை. பெறுபவரின் கணிப்பொறி தானும் கூட்டிப் பார்க்கும். தொகை ஒத்துவரின் ஏற்கும். ஒவ்வாதாயின் அக்கட்டை மீண்டும் அனுப்புமாறு கேட்கும்.

இனி, செய்தி எழுதும் முறையைக் காண்போம். எழுத விரும்புவோர் தம் மோடத்தின் வாயிலாகப் பலகையின் தொலைபேசி எண்ணை அழைப்பர். பலகைக்குப் பெரும்பாலும் ஒரே கம்பி. பிறிதொருவர் முன்னரே அதில் இருப்பின், 'வேறு தொடர்பில் உள்ளது' என்பதைக் காட்டும் ஒலியே கேட்கும். சிறிது பொறுத்து மீண்டும் அழைக்கவேண்டும். தொடர்பு கிட்டியதும் கணிப்பொறி பெயரைக் கேட்கும். பல பலகைகள் கடவுச்சொல்லையும் கேட்கும். பின்னர்ப் புதிதாக வந்துள்ள செய்திகளைப் படிக்கலாம். எழுத முற்பட்டால், யாருக்கு என்றும், எதைப்பற்றி என்றும் கணிப்பொறி வினவும். ஒருவர் பெயரைக் குறிப்பிடலாம். 'அனைவருக்கும்' என்றும் குறிப்பிடலாம். அதன்பின் செய்தியை வரிவரியாகத் தட்டவேண்டும். முடிந்ததும் வெற்றுவரி ஒன்றை விட்டு, எழுதியதை ஒருமுறை படித்துப் பார்த்து, பிழையிருப்பின் திருத்திச் சேமிக்கவேண்டும். செய்திக்கு ஓர் எண் அமையும். எழுதியவர் விடைபெற்றுத் தொடர்பைத் துண்டிப்பார். மறுமொழி அன்றிரவே வரலாம். ஒரு வாரம் கழித்தும் வரலாம்.

இங்கு நாம் கருதவேண்டியது ஒன்று உண்டு. ஒருவர் பலகையில் இருக்கும்வரை மற்றவர் எவரும் அதனை அணுக இயலாது. பலகையை நடத்துபவர் ஒவ்வொருவருக்கும் இவ்வளவு நேரம் என வரையறுத்தல் வழக்கம். ஆயினும் வரையறை மட்டும் போதாது. வெளியே எத்தனை பேர் காத்திருக்கின்றனர் என்பதை உள்ளே இருப்பவர் அறியார். அறியாத அவர்களையும் எண்ணி நடப்பவரே நல்ல உறுப்பினராகக் கருதப்பட்டார். ஆதலின் பலர், அழைப்பதற்கு முன்னரே கூறவேண்டியதை எண்ணி எழுதி வைத்துக்கொண்டனர். பிற்காலத்தில், புதிய செய்திகளையெல்லாம் ஒரே கட்டாகப் பெற்றுத் தொடர்பைத் துண்டித்துவிட்டு, ஓய்வாகப் படித்து மறுமொழி எழுதி, மீண்டும் அழைத்து அனுப்பும் முறையும் வந்தது. சினத்தில் எழுதிய சொல்லை அனுப்புமுன் ஆராய்ந்து பார்க்கவும் அம்முறை வாய்ப்பளித்தது.

ஓர் ஊர்ப் பலகையில் எழுதியது அவ்வூர்ப் பலகையிலேயே தங்கிவிடும். இக்குறையை நீக்க முயன்றவர் டாம் ஜென்னிங்ஸ் என்பார். அவர் அமெரிக்காவின் மேற்குக் கரையில் சான் பிரான்சிஸ்கோ நகரில் வாழ்ந்தவர். 1984ஆம் ஆண்டில் அவர், கிழக்குக் கரையில் பால்ட்டிமோர் நகரில் இருந்த ஜான் மெடில் என்பாரின் பலகையோடு தம் பலகையை இணைத்தார். 'ஃபிடோநெட்' என்னும் வலையமைப்பு இங்ஙனம் தொடங்கியது. தொலைதூர அழைப்புகளுக்குப் பகலில் கட்டணம் மிகுதி. நள்ளிரவுக்குப் பின் குறைவு. ஆதலின் ஊர் உறங்கும் வேளையில் பலகைகள் பிறரின் அழைப்பை நிறுத்திவிட்டு, ஒன்றையொன்று தாமே அழைத்து, பகலெல்லாம் சேர்ந்த மடல்களைக் கட்டாகக் கைமாற்றிக்கொண்டன. முற்காலத்தில் அஞ்சல் ஓட்டக்காரர் ஒருவர் தம் எல்லைவரை ஓடி, அடுத்தவரிடம் பையை ஒப்படைத்தது போன்றதே இது. 1990களின் இடைப்பகுதியில் இவ்வமைப்பில் பல்லாயிரம் பலகைகள் இருந்தன. அவற்றை நடத்தியவர்களுள் பெரும்பாலோர் ஊதியம் பெறாத தொண்டர்கள். தொலைபேசிக் கட்டணத்தையும் பலர் தம் கைப்பொருளிலிருந்தே செலுத்தினர்.

இப்பலகைகள் பொழுதுபோக்குக்கு மட்டுமே பயன்பட்டன என்று எண்ணுதல் பொருந்தாது. ஐரோப்பாவில் யுகோஸ்லாவியா நாடு 1991ஆம் ஆண்டில் பிளவுற்றுப் போர் மூண்டது. குரோவேசியாவின் தலைநகரான ஸாக்ரெபுக்கும், செர்பியாவின் தலைநகரான பெல்கிரேடுக்கும் இடையே தொலைபேசித் தொடர்பு அறுபட்டது. அண்டை நாட்டிலுள்ள உறவினரிடம் ஒரு சொல் பேசவும் வழியில்லை. எனினும் இரு நகரங்களிலிருந்தும் பிற நாடுகளை அழைக்க முடிந்தது. இதனை உணர்ந்த அமைதித் தொண்டர்கள் 1992ஆம் ஆண்டில் இரு நகரங்களிலும் பலகைகளை நிறுவினர். ஸாக்ரெபில் எழுதிய மடல் செருமனியிலுள்ள பீலஃபெல்டு நகரத்துப் பலகைக்குச் சென்று, அங்கிருந்து பெல்கிரேடை அடைந்தது. அவ்வமைப்பின் பெயர் 'ஸாமிர்'; 'அமைதிக்காக' என்பது அதன் பொருள். 1992 முதல் 1996 வரை முற்றுகைக்குள் தவித்த சரயேவோ நகரிலும் பின்னர் ஒரு பலகை அமைந்தது. அங்கே சில கம்பிகளையே மிகப் பலர் பகிர்ந்துகொள்ள வேண்டியிருந்தது. பிரிந்துபோன உறவினரைத் தேடியும், தாம் உயிருடன் இருப்பதைத் தெரிவித்தும் மக்கள் மடல் எழுதினர். அத்தகைய இடத்தில் ஒருவர் தம் செய்தியைச் சுருக்கமாக முடித்துக் கம்பியை விடுவித்தால், மற்றொரு குடும்பத்தின் மடலுக்கு வழி பிறந்தது.

1990களின் இடைப்பகுதியில் இணையம் பரவத் தொடங்கியதும் இப்பலகைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. ஒரு சில மட்டும் ஆர்வலர்களின் முயற்சியால் இன்றும் நடைபெறுகின்றன. ராண்டி சூஸ் 2019ஆம் ஆண்டிலும், வார்டு கிறிஸ்டென்சன் 2024ஆம் ஆண்டிலும் மறைந்தனர். அவர்கள் நிறுவிய முதற்பலகையை இரண்டரை இலட்சத்திற்கும் மேற்பட்ட முறை மக்கள் அழைத்துப் பயன்படுத்தினர் என்பர். அத்தனை அழைப்புகளும் ஒருவருக்குப்பின் ஒருவராக முறைவைத்து வந்தவையே.

இன்று நாம் எழுதும் செய்தி இமைப்பொழுதில் உலகின் மறுகோடியை அடைகிறது. நாம் எழுதும்பொழுது பிறர் வெளியே காத்திருப்பதில்லை. எனினும் நம் செய்தியைப் படிப்பவர் தம் வாழ்நாளில் ஒரு சிறு பகுதியை நமக்கு அளிக்கிறார் என்பது அன்றுபோலவே இன்றும் உண்மை. யாருக்கு எழுதுகிறோம், எதைப்பற்றி எழுதுகிறோம் என்று அப்பழைய கணிப்பொறி முதலில் கேட்டது. அவ்விரு வினாக்களையும் இன்று எழுதுவோர் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ளுதல் வேண்டும்.