சர்க்கரைக் கணக்கு – 14: மூன்று அமிலமும் ஒரு டப்பாவும்

சாப்பிட்ட பிறகு ரத்தத்தில் ஏறும் சர்க்கரையில் பெரும்பங்கை வாங்கிக்கொள்வது தசைதான் என்று போன வாரம் எழுதினேன். அடுத்த கேள்வி தானாக வந்து நிற்கிறது: அப்படியானால் தசை வளர்க்க என்று ஜிம்மில் விற்கிற பி.சி.ஏ.ஏ. (கிளைச்சங்கிலி அமினோ அமில) பவுடரைக் குடிக்கலாமா? இருபத்தைந்து வயதுப் பையன் கேட்டால் ஒரு பதில், சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் போட்டுக்கொண்டிருக்கும் அவனுடைய அப்பா கேட்டால் வேறு பதில். இப்போதெல்லாம் கேட்பவர் அப்பாதான்.

டப்பாவைத் திருப்பிப் பார்ப்போம். தர்பூசணி ஃபிளேவர், சர்க்கரை பூஜ்யம், அதன் கீழே 2:1:1 என்று ஒரு விகிதம். லியூசின் இரண்டு பங்கு, ஐசோலியூசினும் வேலினும் ஒவ்வொரு பங்கு. ஐந்து கிராம் கலக்கினால் லியூசின் இரண்டரை கிராம். உடம்பு தானே தயாரித்துக்கொள்ள முடியாமல் சாப்பாட்டிலிருந்தே வாங்க வேண்டிய அமினோ அமிலங்கள் ஒன்பது. இவை அதில் மூன்று. மற்றவற்றில் கல்லீரல் முதலில் கை வைத்துவிடும். இந்த மூன்றையும் உடைப்பதற்கான முதல் என்சைம் கல்லீரலில் அநேகமாகக் கிடையாது. அதனால் அவை நேரே தசைக்குப் போகின்றன. இந்த ஒரு விஷயத்தை வைத்துத்தான் மொத்த வியாபாரமும் நடக்கிறது.

லியூசினுக்கும் சர்க்கரைக்கும் உள்ள தொடர்பு ஜிம்மில் கண்டுபிடித்ததல்ல, குழந்தைகள் வார்டில் தெரியவந்தது. புரதம் சாப்பிட்டதும் சர்க்கரை சரிந்து சில குழந்தைகள் துவண்டுபோனார்கள். 1956இல் காக்ரேனும் அவருடன் வேலை செய்தவர்களும் அதை எழுதினார்கள், குற்றவாளி லியூசின். கணையத்தின் பீட்டா செல்லுக்குள் இருக்கும் ஒரு என்சைமை அது முடுக்கிவிட, இன்சுலின் கொட்டுகிறது. பத்து வருடம் கழித்து, 1966இல், மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஃபிளாய்டும் ஃபஜன்ஸும் ஆரோக்கியமானவர்களின் நரம்பில் அமினோ அமிலங்களை ஏற்றிப் பார்த்தார்கள். அவர்களுக்கும் இன்சுலின் ஏறியது.

அப்படியென்றால் சர்க்கரை இறங்க வேண்டுமே? சாதாரண உடம்பில் அவ்வளவு எளிதாக இறங்காது. அமினோ அமிலங்கள் இன்சுலினோடு குளுக்ககானையும் கிளப்பிவிடுகின்றன. ஒன்று சர்க்கரையை இறக்கப் பார்க்கும், மற்றது கல்லீரலிலிருந்து சர்க்கரையை எடுத்துவிடும். நாலு முட்டை சாப்பிட்டவன் மயங்கி விழாமல் இருப்பது இந்தக் கயிறு இழுப்பால்தான்.

முழுப் புரதமாகக் கொடுத்தால் கதை கொஞ்சம் வேறு. 2014இல் இஸ்ரேலில் டேனியலா யாகுபோவிட்ஸ் குழுவினர், டைப் 2 சர்க்கரை நோயாளிகள் 15 பேருக்குக் காலை உணவுக்கு முன்னால் 50 கிராம் வே புரோட்டீன் கொடுத்தார்கள். அடுத்த மூன்று மணி நேரத்தில் மொத்தச் சர்க்கரை ஏற்றம் 28 சதவீதம் குறைந்தது. இன்சுலினும் ஜி.எல்.பி.–1 என்ற குடல் ஹார்மோனும் கூடின. நல்ல முடிவுதான். ஆனால் கொடுத்தது வே புரோட்டீன், மூன்று அமிலம் மட்டும் கொண்ட பவுடர் அல்ல. ஆள் 15 பேர்தான். அளவோ 50 கிராம். தினமும் அதைக் குடித்தால் மாதக் கடைசியில் பர்ஸ்தான் இளைக்கும்.

இனி தசைக்கு வருவோம். தசை செல்லுக்குள் எம்டார் என்று ஒரு புரதம் உண்டு. அதுதான் மேஸ்திரி. லியூசின் வந்தால் அது விசில் அடிக்கும்: ‘வேலையை ஆரம்பி!’ விசில் சத்தத்தில் சுவர் எழும்பாது. செங்கல் வர வேண்டும். செங்கல் என்பது ஒன்பது அமிலங்களும். ஸ்டிர்லிங் பல்கலைக்கழகத்தார் 2017இல் வெளியிட்ட ஆய்வில், எடை தூக்கிய இளைஞர்கள் 5.6 கிராம் பி.சி.ஏ.ஏ. குடித்தபோது தசைப் புரத உற்பத்தி 22 சதவீதம் கூடியது. அதே அளவு பி.சி.ஏ.ஏ. அடங்கிய முழு வே புரோட்டீன் முந்தைய சோதனைகளில் அதைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு வேலை செய்திருக்கிறது. மிச்ச ஆறு அமிலம் வெளியிலிருந்து வராதபோது, உடம்பு பழைய தசையை உடைத்துத்தான் எடுக்கும். கட்டுகிற வீட்டுக்கு இருக்கிற வீட்டின் சுவரைப் பெயர்ப்பதற்குக் காசு கொடுக்க வேண்டுமா?

அப்பாவுக்கான பதில் இங்கே தொடங்குகிறது. 1969இல் ஃபெலிக், மார்லிஸ், கஹில் மூவரும் பருமனானவர்களின் ரத்தத்தில் இந்த மூன்று அமிலங்களும் அதிகமாக இருப்பதைக் காட்டினார்கள். அப்போது அது பெரிதாகப் பேசப்படவில்லை. 2011இல் ஃப்ரேமிங்ஹாம் ஆய்வு அந்தப் பழைய சங்கதியைத் தூசு தட்டியது. சர்க்கரை இல்லாத 2,422 பேரைப் பன்னிரண்டு வருடம் கவனித்தார்கள். 201 பேருக்கு நோய் வந்தது. இந்த மூன்றோடு டைரோசின், ஃபினைல்அலனின் ஆகிய இரண்டும் முதலிலேயே கூடுதலாக இருந்தவர்களுக்குத்தான் ஆபத்து பல மடங்கு.

அமிலம் கூடியதால் நோயா, நோய் தொடங்கியதால் அமிலம் எரியாமல் தேங்கியதா? இன்னும் வாதம் நடக்கிறது. 2009இல் டியூக் பல்கலைக்கழகத்தின் நியூகார்ட் குழு எலிகளில் கண்டது என் சாய்வைத் தீர்மானிக்கிறது. கொழுப்புத் தீனியோடு பி.சி.ஏ.ஏ. சேர்த்துத் தின்ற எலிகள் குறைவாகவே தின்றன, எடையும் அதிகம் போடவில்லை. ஆனாலும் இன்சுலினுக்குக் கட்டுப்பட மறுத்தன. சாதாரணத் தீனியோடு கொடுத்தபோது அந்தக் கோளாறு வரவில்லை. எலியை வைத்து மனிதனுக்குத் தீர்ப்பு எழுத முடியாது, சரி. ஆனால் தொப்பையும், எண்ணெய்ப் பலகாரமும், உட்கார்ந்த வேலையும் உள்ளவர் எந்த எலி வரிசையில் நிற்கிறார்?

டப்பாவை விட்டுச் சாப்பாட்டுத் தட்டுக்கு வருவோம். இரண்டு முட்டையில் புரதம் 12 கிராம், லியூசின் மட்டும் ஒரு கிராம், மிச்ச எட்டும் கூடவே வருகின்றன. முட்டை வேண்டாமென்றால் சுண்டலும் தயிரும் இருக்கின்றன. அரிசியில் குறையும் லைசினை உளுந்து கொடுக்கும், உளுந்தில் குறையும் மெதியோனினை அரிசி கொடுக்கும் என்பதால் இட்லியை யாரும் இளக்காரம் பண்ண வேண்டாம். நாலு இட்லி போதும், ஏழு வேண்டாம் என்பது மட்டும்தான் என் வேண்டுகோள். ஐ.சி.எம்.ஆரின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் சொல்லும் அளவு, உடல் எடை கிலோவுக்கு ஒரு நாளைக்கு 0.83 கிராம் புரதம். 70 கிலோ அப்பாவுக்கு 58 கிராம்.

அதையும் மீறிப் பவுடர்தான் வேண்டும் என்றால் முதலில் கிரியேட்டினின் பார்த்துவிடுங்கள். சிறுநீரகம் பழுதுபட்டவர்கள் டாக்டரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டக் கூடாது. கிளிமிபிரைடு மாத்திரையோ இன்சுலின் ஊசியோ போடுகிறவர்கள் புதிதாக எதைத் தொடங்கினாலும் முதல் சில நாள் குளுக்கோமீட்டரில் விரலைக் குத்திப் பார்ப்பது நல்லது. பையனுக்கு என் பதில் சின்னது: அந்தக் காசுக்கு முட்டை வாங்கு, ஸ்குவாட் போடு; அப்பாவையும் ஜிம்முக்குக் கூட்டிப்போ.

(தொடரும்)