‘ஏரியோடு சேர்த்து 40 ஏக்கர்’: அந்த ஏரியும் விற்பனைக்கா?

வயல், தென்னந்தோப்பு, நடுவில் தளும்பும் ஏரி. இப்படி ஒரு ட்ரோன் வீடியோ வந்தால், “நாலு பேர் சேர்ந்து வாங்கிடலாமா?” என்று வாட்ஸ்அப் குரூப்பில் பேச்சு கிளம்பிவிடும். கொஞ்சம் பொறுங்க. அந்தத் தண்ணீர் யாருடையது?

தமிழ்நாட்டில் ஏரி, குளம், ஓடை, வாய்க்கால் எல்லாம் பெரும்பாலும் அரசுப் புறம்போக்கு. விற்பவர் எத்தனை வருஷமாக வேலி போட்டு வைத்திருந்தாலும் அதை விற்கிற உரிமை அவருக்கு வந்துவிடாது. குளத்தை வீட்டுமனைகளாக ஒதுக்கியதே செல்லாது என்று, உத்தரப் பிரதேச வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் 2001-லேயே சொல்லிவிட்டது.

அதனால் மொத்த ஏக்கரைக் கேட்காதீங்க, சர்வே எண்களைக் கேளுங்க. தமிழக அரசின் இ-சர்வீசஸ் தளத்தில் ஒவ்வொரு எண்ணுக்கும் பட்டா, ‘அ’ பதிவேடு, புலப்படம் பார்க்கலாம். வில்லங்கச் சான்று மட்டும் போதாது. பத்திரப்பதிவில் என்ன நடந்தது என்பதுதான் அதில் இருக்கும்.

பட்டா சரியாக இருந்தும் சிக்க வைப்பது ஏரி உள்வாய் நிலம். கோடையில் காய்ந்து கிடக்கும். ஏரி நிரம்பினால் முங்கிவிடும். நிலத்தை மே மாதத்தில் பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுப்பதைவிட, நவம்பர் மழையில் ஒருமுறை போய் நின்று பார்ப்பது நல்லது. பக்கத்து வயல்காரரிடமும் விசாரிங்க, புரோக்கர் சொல்லாததை அவர் சொல்வார்.

40 ஏக்கரையும் ஒருவரே வாங்குவதானால் நில உச்சவரம்பும் குறுக்கே வரும். ஐந்து பேர் வரை உள்ள குடும்பத்துக்கு 15 ‘ஸ்டாண்டர்டு’ ஏக்கர்தான். நிலத்தின் தரத்தைப் பொறுத்து சாதாரண ஏக்கர் கணக்கு மாறும். அதைத் தாலுகா அலுவலகத்தில் கேட்டுக்கொண்டு பேரத்துக்குப் போங்க.