கன்றுகளின் கழிச்சல் நோயும் சாணப் பரீட்சையும்

ஈன்ற சில நாட்களுக்குள் கன்றுகள் நீர்போலக் கழிந்து மடிவது குடியானவர்களுக்குப் பெரும் நஷ்டத்தை விளைவிப்பதாகும். இதனைப் பால் செரியாமையென்றும் கண்ணேறென்றும் கருதிப் பலர் காலத்தைப் போக்கிவிடுகின்றனர். கழிச்சலென்பது ஒரே வியாதியன்று; பல வியாதிகளுக்கும் பொதுவானதோர் அறிகுறியேயாம்.

பிறந்த நான்கைந்து நாட்களுக்குள் காணும் கழிச்சலுக்குப் பெரும்பாலும் ஈ. கோலை என்னும் பாக்டீரியா காரணமாகும். ஒரு வாரம் முதல் மூன்று வாரம் வரையுள்ள கன்றுகளை ரோட்டா வைரஸ், கொரோனா வைரஸ் ஆகியவை மிகுதியும் தாக்கும். கிரிப்டோஸ்போரிடியம் என்னும் ஓரணு உயிரும் இவ்வயதிலேயே தோன்றும். பாக்டீரியாவைக் கொல்லும் மருந்து வைரஸைக் கொல்லாது. வெறுங்கண்ணால் பார்த்து இவற்றைப் பிரித்தறிதல் இயலாதாகையால் பரீட்சை அவசியமாகின்றது.

1969-ஆம் ஆண்டில் அமெரிக்காவிலுள்ள நெப்ராஸ்காவில், கழிந்த கன்றுகளின் சாணத்தில் இவ்வைரஸ் எலெக்ட்ரான் நுண்ணோக்கியால் காணப்பட்டது. 1973-இல் மெல்போர்ன் நகரத்தில் ரூத் பிஷப் என்பாரும் அவர் குழுவினரும், பேதியுற்ற குழந்தைகளின் சிறுகுடற் சவ்வில் இதையொத்த வைரஸைக் கண்டனர். அதன்பின் மலத்திலேயே அது ஏராளமாக உள்ளதென்று அறியப்பட்டமையால், குடலிலிருந்து சதைத்துணுக்கை எடுக்கவேண்டிய அவசியம் நீங்கிற்று. சக்கர வடிவினதாதலால் ரோட்டா என்று பெயர் பெற்றது. லத்தீன் மொழியில் அச்சொல்லுக்குச் சக்கரம் என்பது பொருள்.

ஆகவே கன்றுக்கு யாதொரு துன்பமும் இன்றிச் சாணத்தைக் கொண்டே நோயை அறியலாம். கழிச்சல் தொடங்கிய முதல் நாளிலேயே, மருந்து கொடுக்குமுன் சாணத்தைச் சேகரித்தல் நலம்; வைரஸ் அப்பொழுதே மிகுதியாக வெளிப்படும். உறையணிந்த கையால், தரையில் வீழ்ந்து மண் கலவாத சாணத்தைச் சிறிதளவு எடுத்து, நீர் கசியாத மூடியுள்ள சுத்தமான சீசாவில் இடல் வேண்டும். கன்றின் வயது, நோய் தொடங்கிய நாள், உரியவர் பெயர் ஆகியவற்றைச் சீசாவின்மேல் எழுதி, பனிக்கட்டி வைத்த பெட்டியில் தாமதமின்றிக் கால்நடை மருத்துவமனைக்கு அனுப்புக. இரண்டு மூன்று கன்றுகளின் சாணத்தைத் தனித்தனியே அனுப்புதல் மேலும் நன்று.

சோதனைத் துண்டைக்கொண்டு சில நிமிடங்களிலேயே விடை பெறலாம். எலைசா, பி.சி.ஆர். ஆகிய பரீட்சைகள் சோதனைச்சாலையில் செய்யப்படும், இவற்றுள் பி.சி.ஆர். மிக நுண்மையானது. எனினும் நலமுள்ள கன்றின் சாணத்திலும் வைரஸ் காணப்படலாம். ஒரே கன்றில் இரு கிருமிகள் சேர்ந்திருத்தலும் உண்டு. காலந்தாழ்த்தி எடுத்த சாணத்தில் வைரஸ் புலப்படாமற்போகவும் கூடும். ஆதலின் பரீட்சையின் முடிவை மருத்துவரே நோய்க்குறிகளுடன் ஒப்பிட்டுத் தீர்மானித்தல் வேண்டும்.

முடிவு வரும்வரை வாளாவிருத்தலாகாது. கன்றைக் கொல்வது பெரும்பாலும் நீரிழப்பே. கண் குழிவிழுதலும், கழுத்துத் தோலைக் கிள்ளிவிட்டால் மெதுவாக மீளுதலும் அதன் குறிகள். மருத்துவர் கூறும் அளவில் உப்பும் குளுக்கோஸும் கலந்த நீரை அடிக்கடி ஊட்டுக. பாலை அறவே நிறுத்தற்க. எழுந்து நிற்கவோ ஊட்டவோ மாட்டாத கன்றுக்கு நரம்பின்வழி நீரேற்றுதல் வேண்டும்.

வருமுன் காத்தலே சிறந்தது. கன்றின் எடையில் பத்திலொரு பங்கு சீம்பாலை முதல் நாளிலேயே ஊட்டுக. 25 கிலோ எடையுள்ள கன்றுக்கு இரண்டரை லிட்டர் ஆகும். அதன் முதற்பகுதியைப் பிறந்த இரண்டு மணி நேரத்துக்குள் கொடுத்தல் வேண்டும். ரோட்டா வைரஸ் சாணத்தில் பல மாதம் அழியாதிருக்குமாதலால், நோயுற்ற கன்றைப் பிரித்துக் கட்டித் தொழுவத்தைச் சுத்தமாக வைத்திருத்தல் வேண்டும். இக்கிருமிகளுள் சில மனிதரையும் தொற்றுமாகையால், கன்றைத் தொட்டபின் சோப்பினால் கை கழுவுக. ஒரே தெருவில் பல கன்றுகள் கழியக் கண்டால், கிராம அதிகாரிகள் உடனே கால்நடை மருத்துவருக்குத் தெரிவிப்பார்களாயின் அடுத்த தொழுவத்துக் கன்றுகளேனும் பிழைக்கும்.